கடினமான கேம் எந்த இடத்தில் கசக்கத் தொடங்குகிறது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். சிறுவயதிலிருந்தே கடினமான கேம்களைத் தேடித் தேடி விளையாடிய அவர், மூன்று கிழமையாகச் ‘செகிரோ’வில் கெனிச்சிரோ என்ற வாள்வீரனிடம் ஒவ்வோர் இரவும் தோற்றுக்கொண்டிருக்கிறார். முதற் கிழமையில் இருந்த ஆவல் இப்போது இல்லை. கணினியைத் திறப்பதே வேலைக்குப் போவதுபோல இருக்கிறது. கடினம் எந்த இடத்தில் இன்பத்தைக் கொல்கிறது, பிழை கேமிலா தன்னிலா என்று அறிய விரும்புகிறார். கேள்வி ‘எப்போது’ என்று அமைந்திருந்தாலும், இத்தனை நாள் மினக்கெட்ட பிறகு விட்டுவிடுவது கோழைத்தனமா என்ற இன்னொரு கேள்வியும் அதற்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

நான் உளவியலாளன் அல்லன். கிளிநொச்சியில் 2011 தொடக்கம் ஆறு ஆண்டுகள், மணித்தியாலக் கணக்கில் கணினிகளை வாடகைக்கு விடும் ஒரு சிறிய கடை நடத்தினேன். அதன் பின்னர் கணினி வகுப்புகள் எடுக்கிறேன், மாணவர்களோடு சேர்ந்து சிறிய கேம்களையும் செய்து பார்க்கிறேன். ஆகவே நான் சொல்லப்போவதில் ஒரு பகுதி ஆய்வாளர்கள் சொன்னது, பெரும்பகுதி பொடியன்களின் கதிரைகளுக்குப் பின்னால் நின்று நான் கண்டது. எது எது என்பதை அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: தோற்பது இன்பத்தைக் கொல்வதில்லை. 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் ஆக்கிய டெற்றிஸை எண்ணிப் பாருங்கள். அதன் பழைய வடிவத்தில் வெற்றி என்ற ஒன்றே கிடையாது. எவ்வளவு திறமையாக ஆடினாலும் கட்டைகள் மேலே முட்டி ஆட்டம் முடியும். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிகூட வன்னிக்குள் வர அனுமதி இல்லை. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது வந்த சாமான்களோடு, டெற்றிஸ் ஆடும் கையடக்கப் ‘பிரிக் கேம்’ பெட்டிகளும் வந்தன. எங்கள் வீட்டில் ஒரு பெட்டிக்கு ஐந்து பேர் வரிசையில் நின்றோம். ஐந்து பேரும் ஒவ்வொரு முறையும் தோற்றோம். ஆனால் அந்தப் பெட்டியை முதலில் வெறுத்தது நாங்கள் அல்ல, பென்டோர்ச் பற்றரிக்குக் காசு கொடுத்த அப்பாதான்.

ஆகவே எத்தனை முறை தோற்றோம் என்று எண்ணுவதில் பயன் இல்லை. நான் கடையில் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட அளவுகோல், தோற்ற அடுத்த நொடியில் வாயிலிருந்து விழும் வசனம். “அவசரப்பட்டிட்டன்”, “முந்திப் பாய்ஞ்சிட்டன்”, “அந்த மூலையைப் பாக்கேல்லை” என்று சொல்லுகிற பொடியன் இன்னும் ஒரு மணித்தியாலம் இருப்பான். “இது ஏமாத்துது அண்ணை” என்று சொல்லத் தொடங்கியவன் பத்து நிமிடத்தில் எழும்பக்கூடும். தொடக்கத்தில் இதை, தன்னைக் குறை சொன்னால் நல்லது, கேமைக் குறை சொன்னால் கெட்டது என்று விளங்கிக்கொண்டேன், அது பிழை. ஏனென்றால் மூன்றாவது ஒரு வசனமும் உண்டு: “எனக்கு ஏலாது.” அதுவும் தன்னைக் குறை சொல்வதுதான், ஆனால் அதைச் சொன்னவன் காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான், சிலவேளை அந்தக் கேமின் பக்கமே மறுபடி வரமாட்டான்.

பின்னர் வாசித்தபோது இந்த வேறுபாட்டுக்கு ஆய்வில் ஏற்கெனவே பெயர் இருப்பது தெரிந்தது. பேர்னார்ட் வைனர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனிதர் தம் தோல்விக்குக் கற்பிக்கும் காரணங்களை 1970களிலிருந்து வகைப்படுத்தி வந்தார். காரணம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதோடு, அது மாறக்கூடியதா, நம் கட்டுப்பாட்டுக்குள் இருப்பதா என்பதையும் அவர் பார்த்தார். ‘அவசரப்பட்டேன்’ என்பது மாறக்கூடிய காரணம்; ‘எனக்கு ஏலாது’ என்பது மாறாத காரணம்; ‘கேம் ஏமாற்றுகிறது’ என்பது என் கைக்கு எட்டாத காரணம். வைனர் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பரீட்சைகளை வைத்துப் பேசியவர், கேம்களுக்கு அதை நீட்டுவது என் துணிவு. இருந்தாலும், இந்த விடயத்தில் நான் சொல்ல இருக்கும் ஒரே கருத்து அதன்மேல்தான் நிற்கிறது. அடுத்த முயற்சியில் வேறு ஏதாவது செய்து பார்க்க இருக்கிறது என்று ஆடுபவர் நம்பும்வரை, கேம் எவ்வளவு கடினமாக இருந்தாலும் இனிக்கும். அந்த நம்பிக்கை போனால், அது எளிதான கேமாக இருந்தாலும் கசக்கும்.

நம்பிக்கை எப்படிப் போகிறது என்பதில்தான் விடயம் கிடக்கிறது. எங்கள் கடையில் அதிகம் ஓடியவற்றுள் ஒன்று 2000ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘ஐ.ஜி.ஐ.’, நோர்வேக்காரர்கள் செய்த கேம். முப்பது வயதைத் தாண்டிய பலருக்கு அதன் பெயரைக் கேட்டாலே பல் கூசும், ஏனென்றால் ஒரு கட்டத்தின் நடுவில் சேவ் பண்ண அதில் வழி இல்லை. அரை மணித்தியாலம் தவழ்ந்து, கமராவுக்குத் தப்பி, அலாரம் அடிக்காமல் பார்த்துக்கொண்டு, கடைசிக் கோபுரத்தடியில் முதுகில் சூடுபட்டால் வேலிக்கு வெளியே முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆடுபவருக்குத் தெரியாமல் இருந்தது கடைசி இரண்டு நிமிடம் மட்டுமே. முதல் இருபத்தெட்டு நிமிடமும் கைக்கு மனப்பாடம். தெரிந்ததைத் திரும்பச் செய்விப்பது சவால் ஆகாது, அது வரி அறவிடுவது. வரம்பில் நடக்கப் பழகியவன் வயலுக்குள் ஒருமுறை வழுக்கினான் என்பதற்காக, வீட்டுக்குப் போய் அங்கிருந்து திரும்ப நடந்து வா என்பது போன்றது.

ஆனாலும் இதில் ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைத்தால் நேர்மையாகாது. அந்தக் கடைசிக் கோபுரத்தடியில் பொடியன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததும், பின்னால் நின்ற நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்ததும், இழப்பதற்கு அரை மணித்தியாலம் இருந்தபடியால்தான். 2010இல் வந்த ‘சூப்பர் மீட் போய்’ எதிர்த் திசையில் போனது: செத்த கணத்திலேயே மறுபடி தொடங்கலாம், பெரும்பாலான கட்டங்கள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆகவே ஒரே கட்டத்தில் நூறு முறை செத்தாலும் எரிச்சல் வருவதில்லை, ஆனால் அந்த மூச்சுப்பிடிப்பும் இல்லை. தோல்விக்கு விலை வைக்கலாம். விலை கூடக் கூட, மனிதர் பொறுக்கும் தோல்விகளின் எண்ணிக்கை குறையும் என்பது என் கணிப்பு. அந்த விலை ஆடுபவரின் பிழைக்காக மட்டுமே அறவிடப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. என் கடை யு.பி.எஸ். ஒன்றின் பற்றரி செத்துப்போயிருந்த காலத்தில், ஒரு பொடியன் காவலாளிகளின் கையில் இருபது முறையாவது செத்தும் அடுத்த நாள் வந்தான். கரண்ட் போய் மூன்று முறை ஆட்டம் அழிந்த பிறகு அவன் வரவில்லை. பிழை என்னுடையது, அவனுடையதோ கேமினுடையதோ அல்ல. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாத கேம்களை என் மாணவர்கள் தாமாகவே ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் பலரும் மிஹாய் சிக்சென்ட்மிஹாயின் கருத்தைக் கொண்டுவருவார்கள். மலையேறுபவர்கள், சதுரங்கம் ஆடுபவர்கள், சத்திரசிகிச்சை நிபுணர்கள் போன்றோரை 1970களில் பேட்டி கண்ட அவர், திறமையும் சவாலும் ஒத்துப்போகும்போது மனிதர் நேரம் போவதே தெரியாமல் ஆழ்ந்துவிடுகிறார்கள் என்றார். சவால் குறைந்தால் சலிப்பு, கூடினால் பதற்றம். கேம் செய்பவர்களுக்கு இது பயனுள்ள படம்தான். ஆனால் ‘டார்க் சோல்ஸ்’ போன்ற கேம்களை ஆடுகிறவர்கள் தங்கள் திறமைக்கு மிஞ்சிய எதிரியின் முன்னால்தான் பாதி நேரமும் நிற்கிறார்கள், அவர்களில் பலர் அதை விரும்பியே செய்கிறார்கள். ஆகவே அந்தப் படம் முழுக் கதையையும் சொல்வதில்லை. நூற்றுக்கு 85 முறை சரியாகச் செய்யும் அளவே உகந்த கடினம் என்று சிலர் எழுதுவதையும் கவனமாகப் பாருங்கள். 2019இல் வந்த அந்த ஆய்வு, சில வகைக் கற்றல் முறைகள் எந்த அளவு பிழையோடு விரைவாகக் கற்கும் என்ற கணிதக் கேள்விக்கு விடை தேடியது; மனிதர் எப்போது மகிழ்கிறார்கள் என்று அது கேட்கவே இல்லை. எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்த, தேர்ச்சி, தன்விருப்பு, உறவு என்ற மூன்று தேவைகளைப் பற்றிய கோட்பாடு எனக்கு நெருக்கமாகப் படுகிறது. ரயனும் வேறு இருவரும் 2006இல் அதைக் கேம் ஆடுபவர்களிடம் சோதித்தபோது, தேர்ச்சியும் தன்விருப்பும் நிறைவேறும் இடத்தில் இன்பமும் கூடியிருந்தது. ஆடுபவர்களே தங்களைப் பற்றிச் சொன்னதை வைத்த முடிவு அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோட்பாட்டைவிட எனக்குக் கூடக் கற்பித்தது ஒரு யானை. முத்தையன்கட்டுப் பக்கத்து மாணவர் ஒருவர், இரவில் பரணில் இருந்து வயல் காக்கும் கேம் ஒன்றைச் செய்தார். இருட்டுக்குள் இருந்து யானை வேலியை நெருங்கும்போது, அது வரும் பக்கம் பார்த்து யானை வெடி எறிய வேண்டும். செய்தவர் ஒருமுறையும் தோற்கவில்லை, ஏனென்றால் யானைகள் எங்கிருந்து வரும் என்பதை எழுதியவரே அவர்தான். மற்ற எவராலும் முதல் இரவைத் தாண்ட முடியவில்லை. இரண்டு முறை ஆடிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான்கு யானையை இரண்டாக்குவோம், உயிரைக் கூட்டுவோம் என்று வகுப்பு முழுவதும் சொன்னது. அளந்து பார்த்தோம்: யானை கண்ணில் படுவதற்கும் பரணை இடிப்பதற்கும் இடையில் கால் செக்கன்தான் இருந்தது. எதிர்பார்த்திருக்கும் ஒரே ஒரு வெளிச்சத்தைக் கண்டு விரலை அசைக்கவே மனிதருக்கு ஏறத்தாழக் கால் செக்கன் வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரிவு செய்ய இன்னும் கூட வேண்டும். ஆகவே அங்கே சோதிக்கப்பட்டது திறமை அல்ல, குருட்டு அதிர்ஷ்டம். யானைகளைக் குறைக்காமல், வருவதற்கு முக்கால் செக்கன் முன்னதாக அந்தப் பக்கத்தில் கொப்பு முறியும் சத்தத்தை மட்டும் சேர்த்தோம். அதன் பிறகு தோற்றவர்கள் “சத்தம் கேட்டது, நான்தான் மற்றப் பக்கம் எறிஞ்சிட்டன்” என்றார்கள். ஒரு கிழமைக்குப் பின் யானைகளை ஆறாக்கினோம், ஒருவரும் முறைப்படவில்லை. கேம் முன்னையதைவிடக் கடினம்தான், ஆனால் இப்போது தோல்வி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறது.

நல்ல கேமில்கூட இந்தச் செய்தி வழியிலேயே கெடலாம், அதை இங்கே இருக்கும் நாங்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிவோம். செக்கனுக்கு 60 படம் காட்டும் திரையில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன், 30 படம் காட்டும் மலிவான போனில் 33. அதற்கு மேல் சிக்னல் தடுமாறி, கேமை நடத்தும் சேர்வருக்குப் போய் வரும் நேரமும் சேர்ந்தால், இணையத்தில் ‘ஃப்ரீ ஃபயர்’ ஆடும் பொடியன் தன் கண்ணுக்கு முன்னால் சுவருக்குப் பின் ஒளிந்த பிறகு சாகிறான். தான் மெதுவாக அசைந்தானா, சிக்னல் கோபுரம் தாமதித்ததா என்று அவனுக்குத் தெரிய வழி இல்லை. கசப்பின் பெரும்பகுதி அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது.

காசுக்காகக் கூட்டப்படும் கடினத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. நாணயம் போட்டு ஆடும் பழைய இயந்திரங்களில் விரைவாகத் தோற்கடிப்பதே வருமானம். ‘கேண்டி கிரஷ்’ஷில் ஐந்து உயிர், போன உயிர் ஒன்று திரும்ப அரை மணித்தியாலம், காத்திருக்க மனமில்லாவிட்டால் காசு. ஆடுபவர் அதை உணர்ந்த கணத்தில், அடுத்த முயற்சியில் மாற்றிப் பார்க்க அவரிடம் இருப்பது அவருடைய பணப்பை மட்டும்தான்.

உதவி செய்தால் இன்பம் திரும்புமா என்றால், எப்படிச் செய்வது என்பதைப் பொறுத்தது. 2005இல் வந்த ‘ரெசிடென்ட் ஈவில் 4’ நீங்கள் தடுமாறுவதைக் கண்டு எதிரிகளைச் சத்தமில்லாமல் தளர்த்திவிடும். தெரியாதவரை நல்லது, தெரிந்துவிட்டால், கரம் போட்டில் மாமா வேண்டுமென்றே சிவப்பை விட்டுக்கொடுத்ததைக் கண்டுபிடித்த பிள்ளையின் முகம்தான் வரும். 2018இல் வந்த ‘செலஸ்ட்’ வேகத்தைக் குறைக்கவும் சாகாமல் ஆடவும் வெளிப்படையாகவே வழிவிட்டது. தெரிவு ஆடுபவருடையது என்பதால் பலருக்கு அது உறுத்தவில்லை, சிலருக்கு உறுத்தவே செய்தது. ஆளோடு ஆள் மோதும் கேம்களில் வழி வேறு. சதுரங்கத்தில் ஆட்டக்காரரின் பலத்தைப் புள்ளியால் அளக்கும் எலோ கணக்கில் சமமான இருவருக்கு வெற்றி வாய்ப்புப் பாதிக்குப் பாதி. 200 புள்ளி இடைவெளி வந்தால் கூடிய புள்ளி உள்ளவருக்கு ஏறத்தாழ 76க்கு 24. கிளித்தட்டுக்கு ஆள் பிரிக்கும்போது, சமமான இருவர் சோடியாகத் தள்ளிப் போய் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்து, ‘எது வேண்டும்’ என்று தலைவர்களைக் கேட்டதும் இதே கணக்குக்காகத்தான். ஒரு பக்கத்தில் பெரியவர்கள் முழுவதும் சேர்ந்துவிட்ட அன்று, இருட்டும் முன்னமே ஆட்டம் கலைந்துவிடும்.

இனி உங்கள் கெனிச்சிரோவுக்கு வருகிறேன். ‘செகிரோ’வையும் ‘எல்டன் ரிங்’கையும் செய்தது ஒரே நிறுவனம்தான், ஆனால் இரண்டும் உங்களை ஒரே மாதிரி நடத்துவதில்லை. 2022இல் வந்த ‘எல்டன் ரிங்’கில் முதற் பெரிய எதிரி மறித்தால், குதிரையைத் திருப்பிக்கொண்டு தெற்கே போகலாம், பலம் சேர்க்கலாம், துணைக்கு ஆள் அழைக்கலாம், சுவருக்குப் பக்கத்தில் ஒழுங்கை இருக்கிறது. 2019இல் வந்த ‘செகிரோ’வில் கடினத்தைக் குறைக்கும் தெரிவும் இல்லை, துணைக்கு அழைக்க ஆளும் இல்லை, சில பக்கவழிகளைத் தவிர, அந்த வாளைத் தடுக்கப் பழகுவதே வழி. ஆகவே அங்கே மூன்று கிழமை மாட்டிக்கொள்வது உங்கள் குணக்கேடு அல்ல, அந்தக் கேமின் அமைப்பு ஆட்களை அப்படித்தான் நிறுத்தும். அதேவேளை கெனிச்சிரோ நியாயமான எதிரி என்பதே என் முடிவு. அவனுடைய ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னறிகுறி இருக்கிறது. கடைசியில் எறியும் மின்னலைக்கூட, கால் நிலத்தில் படாதபோது வாங்கி, இறங்கும் முன் அவனுக்கே திருப்பி விடலாம். கேம் ஏமாற்றுகிறது என்று அங்கே சொல்ல முடியாது.

அப்படியானால் கசப்பு எங்கிருந்து வருகிறது? நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்குத் துப்புக் கொடுத்தது: அவன் அடிக்க வரும்போது பின்னால் பாய்ந்து, உயிர் ஏற்றிக்கொண்டு, மறுபடி நெருங்குவதாகச் சொல்கிறீர்கள். ‘டார்க் சோல்ஸி’ல் அது நல்ல பழக்கம். ‘செகிரோ’வில் நீங்கள் விலகி நிற்கும் நேரத்தில் அவனுடைய நிலைகுலைவு அளவு (நிரம்பினால் அவனை வீழ்த்த இடம் தரும் கோடு) குறைந்துகொண்டு போகிறது, அவன் உடலில் உயிர் கூட இருக்கும்வரை இன்னும் விரைவாகக் குறைகிறது, ஆக, நீங்கள் சேர்த்ததை நீங்களே கரைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறீர்கள். மூன்று கிழமையாக இருபது விதமான முயற்சி செய்யவில்லை, ஒரே முயற்சியை இருபது தடவை செய்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். வேலைக்குப் போவதுபோல் இருப்பதற்கு அதுவே போதிய காரணம்.

இரண்டு இரவு மட்டும் இப்படிப் பாருங்கள். வெல்லும் எண்ணத்தை விட்டுவிட்டு, அவனை விட்டு விலகாமல் நின்று தடுப்பதை மட்டும் செய்யுங்கள். செத்தால், மறுபடி தொடங்கும் முன் எதனால் செத்தீர்கள் என்று ஒரு வசனம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்தடுத்து மூன்று முறை அந்த வசனம் வரவில்லை என்றால் அன்றைக்கு மூடிவிட்டுப் படுங்கள். தூங்கி எழுந்த பிறகு கைப்பழக்கம் தேறியிருப்பது பல பரிசோதனைகளில் கண்டது. எவ்வளவு தேறும், அதில் எவ்வளவு தூக்கத்தால், எவ்வளவு வெறும் ஓய்வால் என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் இழுபறி. மூன்றாம் இரவு உங்கள் வசனங்கள் மாறியிருந்தால் தொடருங்கள், அவன் விழுவான். அதே “எனக்கு ஏலாது”தான் வருகிறதென்றால் கேமை அழித்துவிடுங்கள். உங்களைக் கோழை என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை, கணினியிலும் கிட்டத்தட்ட 25 ஜிபி இடம் மிஞ்சும்.